ஒளியணுப் படிகம்

பெங்களூரின் ஆய்வுக்கூடங்களிலும் குறைகடத்தி நிறுவனங்களிலும் பணிபுரியும் தமிழர்கள் தமக்குள் தமிழில் பேசும்போதும் ‘ஃபோட்டானிக் கிரிஸ்டல்’ என்றே சொல்கிறார்கள். அதற்கு நிகராக ‘ஒளியணுப் படிகம்’ என்னும் தொடரை ஏற்கலாம் என்பது என் கருத்து.

முதலில் பொருளைப் பார்ப்போம். சிலிக்கான் படிகத்தில் அணுக்கள் நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளிகளில் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அமைந்துள்ளன. அவற்றினூடே செல்லும் எலக்ட்ரானுக்கு அலைத்தன்மையும் உண்டு. ஆகவே அணு வரிசைகளில் சிதறும் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, சில ஆற்றல்களில் எலக்ட்ரான் படிகத்துக்குள் பரவவே இயலாதபடி தடுத்துவிடுகின்றன. பாடநூல்களில் ‘விலக்கப்பட்ட ஆற்றல் இடைவெளி’ எனப்படுவது இதுதான். ஒளியும் அலை என்பதால், ஒளிவிலகல் எண் (ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகச் செல்கிறது என்பதைக் காட்டும் எண்) கூடிய பொருளையும் குறைந்த பொருளையும் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க இடைவெளியில் மாற்றி மாற்றி அமைத்தால், ஒளிக்கும் அத்தகைய விலக்கு நேர்கிறது: குறிப்பிட்ட அதிர்வெண்களில் அமைந்த ஒளி உள்ளே பரவாமல் எதிரொளிக்கப்படுகிறது. இத்தகைய அமைப்பே ‘ஃபோட்டானிக் கிரிஸ்டல்’. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை என்பதால், இங்கே அமைப்பின் இடைவெளி சில நூறு நானோமீட்டராக இருக்க வேண்டும்.

இந்த ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. எலக்ட்ரான்கள் மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்குபவை. ஒளித்துகள்களுக்கு மின்னூட்டம் இல்லை. சாதாரணப் பொருள்களில் அவை ஒன்றையொன்று பொருட்படுத்துவதும் இல்லை. மேலும், ஒளி உள்ளிட்ட மின்காந்த அலைகளை விவரிக்கும் மாக்ஸ்வெல் சமன்பாடுகளுக்கென்று இயல்பான நீள அளவு ஏதும் இல்லாததால், பொருளின் ஒளிவிலகல் எண்கள் மாறாதிருக்கும் வரை, மில்லிமீட்டர் அளவில் செய்த அமைப்பு நுண்ணலைக்கு எப்படி நடந்துகொள்கிறதோ, அதே விகிதத்தில் சுருக்கிய அமைப்பு ஒளிக்கும் அப்படியே நடந்துகொள்ளும். இயற்பியலாளர் எலி யாப்லோனோவிச் 1991இல் துளையிட்ட பொருளைக் கொண்டு முப்பரிமாண விலக்கை நுண்ணலையில் காட்டியதற்கு இந்தப் பண்பே துணைநின்றது.

அடுக்கு அமைப்புகள் குறிப்பிட்ட அலைகளை எதிரொளிப்பதை இயற்பியலாளர் ராலே பிரபு 1887இலேயே ஆராய்ந்தார். சரியாக நூறாண்டு கழித்து, 1987இல், யாப்லோனோவிச்சும் இந்திய வம்சாவளியினரான சஜீவ் ஜானும் தனித்தனியே முப்பரிமாண அமைப்புகளைப் பற்றி எழுதினர். பொருள்கள் தாமாக ஒளி உமிழ்வதை அடக்குவது முன்னவர் நோக்கம்; ஒளியை ஓரிடத்தில் சிறைப்படுத்துவது பின்னவர் நோக்கம். ‘ஃபோட்டானிக் கிரிஸ்டல்’ என்னும் பெயர் அதன் பின்னரே நிலைபெற்றது. இயற்கையோ இதை நெடுங்காலம் முன்பே செய்துவிட்டது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து பெங்களூரில் தம் ஆய்வு நிறுவனத்தை நிறுவிய சர் சி. வி. இராமன் 1950களில் ஓப்பல் கல்லின் வண்ணங்களை ஆராய்ந்தார். நுண்ணிய சிலிக்காக் கோளங்களின் ஒழுங்கான அடுக்கே அவ்வண்ணங்களுக்குக் காரணம் என்பதை 1960களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. மயில் தோகையின் நிறங்களும் இத்தகைய ஒழுங்கிலிருந்தே பிறக்கின்றன.

இனி, சொல். ஒளித்துகளின் பெயரான ‘ஃபோட்டான்’, ஒளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்கப்பட்டது. 1926இல் வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் அதைப் பயன்படுத்திய பிறகு பரவியது. ‘கிரிஸ்டல்’ என்பதன் கிரேக்க மூலம் பனிக்கட்டியைச் சுட்டும். ‘படிகம்’ வடமொழி ஸ்படிகத்தின் தமிழ் வடிவம். திருக்குறளில் ‘பளிங்கு’ இருந்தாலும், இன்று அது தரைக்குப் பதிக்கும் சலவைக்கல்லைக் குறிப்பதால் இங்கே உதவாது.

‘ஒளிப்படிகம்’ சுருக்கமானதுதான், ஆனால் ஒளிரும் படிகம் என்ற பொருளைத் தருகிறது, ‘ஒளிப்பட’ எனத் தொடங்கும் சொற்களோடும் குழம்புகிறது. ‘ஒளியன் படிகம்’ துல்லியமானது. ‘ஒளியன்’ ஃபோட்டானுக்கு ஏற்கெனவே வழங்கும் நல்ல சொல். ஆயினும் எலக்ட்ரானிக்ஸ் துறையை நாம் ‘மின்னணுவியல்’ என்கிறோம். மின்னணு, ஒளியணு என இணையாக வைத்தால், எலக்ட்ரானைப் போல ஒளி நடந்துகொள்கிறது என்ற மூலக்கருத்து சொல்லிலேயே தெரிகிறது. ஒளித்துகள் அணு அன்று என்ற மறுப்பு நியாயமானதே. அதே மறுப்பு மின்னணுவுக்கும் பொருந்தும், ஆனாலும் அச்சொல் நிலைத்துவிட்டது. கிளைச்சொற்களும் எளிதில் அமைகின்றன: விலக்கப்பட்ட நெடுக்கத்தை ‘ஒளியணு விலக்கு இடைவெளி’ என்றும், நீளவாக்கில் நுண்துளைகள் ஒழுங்காக ஓடும் கண்ணாடி இழையை ‘ஒளியணுப் படிக இழை’ என்றும் வழங்கலாம்.