நாள் முழுக்க நடந்தாலும் கால் ஏன் தாங்குகிறது?

வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்கச் சொன்னால் பெரும்பாலோர் கால் மாற்றி மாற்றி நின்று, சுவரில் சாய்ந்து, கடைசியில் உட்கார இடம் தேடுவோம். அதே ஆட்கள் வண்டி வாகனம் அதிகம் வராத கிராமத்துச் சாலைகளில் காலையில் கிளம்பி, பேசிக்கொண்டே போய், பொழுது சாய்வதற்குள் 20 கிலோமீட்டர் நடந்து முடித்திருப்பார்கள். களைப்பு இருக்கும், ஆளைச் சாய்க்கிற களைப்பாக இருக்காது. நிற்பதைவிட நடப்பது சுலபம் என்றால் கேட்க விநோதமாகத்தான் இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஓர் அடியின் நீளம் சராசரியாக 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 28,500 அடிகள். ஒவ்வோர் அடியிலும் உடம்பின் ஈர்ப்பு மையம், அதாவது தொப்புளுக்குச் சற்றுக் கீழே இடுப்புக்குள் இருக்கும் புள்ளி, சுமார் 4 சென்டிமீட்டர் மேலேறி இறங்குகிறது. இரண்டையும் பெருக்கினால் 1,100 மீட்டருக்கு மேல் வருகிறது. மேடே இல்லாத சாலையில் நடந்திருந்தாலும், முழு உடம்பையும் துளித் துளியாக ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் தூக்கியிருக்கிறோம். அத்தனையையும் தசைகள் மட்டுமே தூக்கியிருந்தால் சாயங்காலம் எழுந்து நிற்க முடியாது. தூக்கும் வேலையில் பெரும்பங்கை முந்தைய அடியின் இறக்கமே செய்து கொடுத்துவிடுகிறது.

நடக்கும்போது தரையில் ஊன்றிய கால் அநேகமாக நேராக நிற்கிறது. இடுப்பு அதன்மேல் ஒரு வில் வளைவில் ஏறிக் கடந்து இறங்குகிறது. கடிகார ஊசலைத் தலைகீழாகத் திருப்பி வைத்தது போன்ற அமைப்பு இது. இயற்பியலிலும் இதைத் தலைகீழ் ஊசல் என்றே சொல்கிறார்கள். வளைவின் உச்சியில் உடம்பு உயரமாகவும் சற்று மெதுவாகவும் இருக்கிறது. அங்கிருந்து முன்னால் சாயும்போது உயரம் குறைந்து வேகம் கூடுகிறது. அடுத்த கால் ஊன்றியதும் அந்த வேகமே உடம்பை மறுபடி மேலே ஏற்றுகிறது. நிலையாற்றல் இயக்க ஆற்றலாகிறது, இயக்க ஆற்றல் திரும்ப நிலையாற்றலாகிறது. இத்தாலிய உடலியலாளர் ஜொவான்னி கவான்யாவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் தரையில் விசை அளக்கும் தட்டுகளைப் பதித்து, ஆட்களை அவற்றின்மேல் நடக்கவிட்டு இதை அளந்தார்கள். வசதியான வேகத்தில் நடக்கும்போது 60 முதல் 65 சதவீதம் ஆற்றல் இப்படிக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. தசைகள் ஈடுகட்ட வேண்டியது மீதியைத்தான்.

அந்த மீதி எங்கே போகிறது என்பதுதான் சுவாரசியமான இடம். ஓர் அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் அந்த நொடிப்பொழுதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். உடம்பு முன்னோக்கியும் கீழ்நோக்கியும் விழுந்துகொண்டிருக்கிறது. முன்காலின் குதிகால் தரையைத் தொடுகிறது. இப்போது உடம்பின் பாதை கீழ்நோக்கியதிலிருந்து மேல்நோக்கியதாகத் திரும்பியாக வேண்டும். இது ஒரு சிறிய மோதல். மோதலில் ஆற்றல் வீணாகும். இதைச் சமாளிக்க உடம்பு ஒரு தந்திரம் செய்கிறது. முன்குதிகால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பின்கால் தரையை உந்தத் தொடங்கிவிடுகிறது. கெண்டைக்கால் தசையும், அதைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணும் சேர்ந்து செய்கிற வேலை. உடம்பு பாதத்துக்கு மேலாக முன்னே நகரும்போதே அந்தத் தசைநாண் மெதுவாக இழுபட்டு, ஆற்றலைத் தனக்குள் வாங்கி வைத்திருக்கும். கடைசி நொடியில் சட்டென விட்டுவிடும். குதிகால் எழும்பி, பாரம் பெருவிரலுக்கு வந்து, கால் தரையை விட்டுக் கிளம்புகிறது. இந்த உந்தல் சரியான நேரத்தில் வந்தால் மோதலின் இழப்பு வெகுவாகக் குறைகிறது. தாமதமானால் அதே வேலையை இடுப்புத் தசைகள் கூடுதல் செலவில் செய்ய வேண்டியிருக்கும். வேண்டுமென்றே எட்டி எட்டி நடப்பவர்கள் சீக்கிரம் களைப்பதும் இதனால்தான்: அடி நீளமாக ஆக, மோதலின் செலவு அதைவிடப் பலமடங்கு வேகமாக ஏறுகிறது.

கிளம்பிய கால் முன்னே வருவதற்குப் பெரிய முயற்சி எதுவும் வேண்டியதில்லை. அது இடுப்பிலிருந்து தொங்கும் சாதாரண ஊசல். ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் 1836லேயே இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். தொடக்கத்தில் ஒரு சிறு தள்ளல், கடைசியில் ஒரு சிறு தடுப்பு, இடையில் பெரும்பாலும் அதுவாகவே வீசிக்கொண்டு வருகிறது. 1990ல் டேட் மெக்கீர் என்ற பொறியாளர் வெளியிட்ட ஆய்வு இதைக் கண்ணெதிரே காட்டியது. மோட்டார் இல்லை, கணினி இல்லை. வெறும் கால்களும் மூட்டுகளும் கொண்ட ஓர் இயந்திரம். லேசான சரிவில் வைத்துவிட்டால் தானாக நடந்து இறங்கும். நடை என்பதில் மூளையின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு, காலின் வடிவத்துக்கும் புவியீர்ப்புக்கும் உள்ள பங்கு அதிகம் என்று புரிய அந்த இயந்திரம் ஒன்று போதும்.

ஊசல் என்றால் அதற்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தோடு ஒத்துப்போகும் வேகத்தில் கிலோமீட்டருக்கான செலவு மிகக் குறைவு. பெரியவர்களுக்கு அது மணிக்கு நாலரை, ஐந்து கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாம் அந்த வேகத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறோம். அதைவிட வேகமாகப் போனால் செலவு கூடும் என்பது தெரிந்ததே. மிக மெதுவாகப் போனாலும் கூடும் என்பது பலருக்குத் தெரியாது. கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு ஊர்ந்து நகரும்போது ஆற்றல் கைமாற்றம் ஒழுங்காக நடப்பதில்லை; அதனால்தான் அப்படி ஒரு மணி நேரம் சுற்றினாலே அலுத்துப்போகிறது. ஆளரவமில்லாத சாலையில் நம்மை நிறுத்தவோ விலகச் செய்யவோ எதுவும் இல்லை. நீண்ட நடைக்கு அது பெரிய சலுகை.

கால் நீளத்தைப் பொறுத்து இந்த வேகம் மாறும். கப்பல் மாதிரிகளை நீரில் இழுத்துச் சோதித்த வில்லியம் ஃப்ரூட் பெயரால் வழங்கும் எண் ஒன்று இங்கே உதவுகிறது. அதன்படி வசதியான வேகம் கால் நீளத்தின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். 90 சென்டிமீட்டர் கால் உள்ளவரோடு 50 சென்டிமீட்டர் கால் உள்ள குழந்தை நடந்தால், அதற்கு வசதியான வேகம் பெரியவருடையதில் முக்கால்வாசிதான். பிள்ளை ஓட்டமும் நடையுமாக வருவது சேட்டையால் அல்ல, அதற்கு வேறு வழி இல்லை. நிலாவில் இறங்கியவர்கள் நடக்காமல் துள்ளித் துள்ளிப் போனதற்கும் இதே கணக்குதான் காரணம்: புவியீர்ப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்கும் இடத்தில் நடை என்பது மிக மெதுவான வேகத்திலேயே முடிந்துவிடுகிறது.

கையை வீசி நடப்பதிலும் லாபம் இருக்கிறது. ஒரு கால் முன்னே வீசும்போது உடம்பு எதிர்ப்பக்கமாகத் திருகப் பார்க்கும். எதிர்க்கை முன்னே வந்து அதைச் சரிக்கட்டுகிறது. 2009ல் வெளியான ஓர் ஆய்வில் கைகளை அசையாமல் வைத்துக்கொண்டு நடந்தவர்களுக்கு ஆற்றல் செலவு 12 சதவீதம் கூடியது. இருபது கிலோமீட்டர் முழுக்கக் கையில் போனைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் யோசிக்கலாம்.

சரி, நிற்பது ஏன் கஷ்டம்? அதற்குப் பதில் ரத்தத்தில் இருக்கிறது. அசையாமல் நிற்கும்போது இதயத்திலிருந்து கணுக்கால் வரை உள்ள ரத்தத்தின் எடை முழுவதும் காலின் சிரைகளில் அழுத்துகிறது. கணுக்காலில் அந்த அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை போகும். நீர் மெல்லத் திசுக்களுக்குள் கசியும், கால் கனக்கும். நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி சிரைகளைப் பிழிகிறது. சிரைகளில் உள்ள வால்வுகள் ரத்தத்தைக் கீழே விடுவதில்லை, மேலேதான் விடும். பத்துப் பன்னிரண்டு அடிகளுக்குள் அழுத்தம் 30க்கும் கீழே இறங்கிவிடுகிறது. நிற்பவரின் கால் தேங்குகிறது, நடப்பவரின் கால் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இத்தனை வேலையும் நடக்கும்போது மூளை என்ன செய்கிறது? நல்ல தார்ச்சாலையில் பெரிதாக ஒன்றுமில்லை. மாறி மாறிக் கால் போடும் அடிப்படைத் தாளம் தண்டுவடத்திலேயே உருவாக முடியும் என்று 1911ல் பூனைகளை வைத்துக் காட்டியவர் தாமஸ் கிரஹாம் பிரவுன். (பிற்காலத்தில் மோன் பிளாங்க் மலையில் கடினமான புதிய பாதைகளில் ஏறியதற்காகவும் இவர் பெயர் பெற்றார், நடையைப் படித்தவர் அதை வீணாக்கவில்லை.) மனிதர்களில் மூளையின் மேற்பார்வை பூனையைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆனாலும் சாலை சீராக இருந்தால் பேசவும் யோசிக்கவும் நிறைய இடம் மிச்சமிருக்கும். தார்ச்சாலையிலிருந்து விலகிக் கல்லும் வேருமாக இருக்கும் ஒற்றையடிப் பாதையில் இறங்கியதும் குழுவில் பேச்சு தானாக அடங்குவதைக் கவனித்திருக்கலாம். கண்கள் இரண்டு மூன்று எட்டு முன்னே தேடி, எங்கே கால் வைப்பது என்று ஒவ்வோர் அடிக்கும் முடிவெடுக்கின்றன. முன்னே வீசும் காலின் விரல்கள் தரைக்கு மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில்தான் கடந்து போகின்றன. கவனிக்காவிட்டால் ஒரு சின்ன வேர் போதும். சில சென்டிமீட்டர் மேடு பள்ளம் உள்ள தரையில் நடக்கும்போது ஆற்றல் செலவு 28 சதவீதம் ஏறியதாக ஓர் ஆய்வு சொல்கிறது. மணலில் இரண்டு மடங்குக்கு மேல் போகும், ஏனென்றால் ஊசலாகத் திரும்பி வர வேண்டிய ஆற்றலை மணல் விழுங்கிவிடுகிறது.

சாலையின் விளிம்பிலும் ஒரு சங்கதி உண்டு. மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காகச் சாலையின் நடுப்பகுதியை மேடாகவும் ஓரங்களைச் சரிவாகவும் போடுகிறார்கள். நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வாகனம் தெரியும் பக்கமாக நடப்பதே பாதுகாப்பு. அதனால் நாள் முழுக்க ஒரே சரிவில் ஒரு கால் சற்றுத் தாழ்வாகவும் மற்றது உயரமாகவும் ஊன்றுகிறது. சில மில்லிமீட்டர் வித்தியாசம்தான், ஆனால் பல ஆயிரம் அடிகள். ஒரு பக்க இடுப்போ முழங்காலோ மட்டும் வலித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வளைவு இல்லாத, தூரம்வரை பார்வை போகிற இடங்களில் சற்று நடுப்பக்கமாக நடந்து ஈடுசெய்யலாம்.

ஏற்றத்தில் ஊசல் பெரிதாக உதவாது. ஏறும் உயரத்துக்கெல்லாம் தசைதான் கூலி கொடுக்க வேண்டும். தசையோ வாங்கும் ஆற்றலில் கால்வாசியை மட்டுமே வேலையாக்கி மீதியை வெப்பமாக விடும். மேட்டில் வியர்த்துக் கொட்டுவதும் அதனால்தான். 1892ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் நன்றாக வேலை செய்கிறது: மூன்று மைலுக்கு, அதாவது ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்கு, ஒரு மணி நேரம், 2,000 அடி, அதாவது சுமார் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 600 மீட்டர் ஏற்றத்தோடு 20 கிலோமீட்டர் என்றால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். உட்காரும் நேரத்தைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூட்டையைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சொல்கிறேன்: பாதத்தில் ஏறும் எடைக்கு, அதே எடையை முதுகில் சுமப்பதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு செலவாகும். பையில் எதைக் குறைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் ஷூவைத் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது.

கொப்புளம் வருவது தோல் தேய்வதால் என்று நினைக்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. ஈரமான தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொள்கிறது. உள்ளே எலும்பு ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. மேல்தோல் நகராமல் நிற்க, கீழே இருப்பது நகர, நடுவில் உள்ள அடுக்கு இழுபட்டு இழுபட்டுக் கிழிகிறது. கிழிந்த இடத்தில் நீர் கோக்கிறது. ஆகவே ஓர் இடம் சுடுகிற மாதிரி தோன்றியதுமே உட்கார்ந்து, சாக்ஸை மாற்றி, அந்த இடத்தில் வழுவழுப்பான பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும். அடுத்த திருப்பம் வரை போகலாம் என்றால் தாமதமாகிவிடும்.

இறக்கம் மூச்சுக்கு இதம், தசைக்கு அல்ல. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் இறங்கும் சரிவில் ஆற்றல் செலவு மிகக் குறைவு. அதைவிடச் செங்குத்தானால் மறுபடி ஏறத் தொடங்கும். காரணம், உடம்பு உருண்டு போகாமல் ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்தசை பிரேக் பிடிக்கிறது. அப்போது அந்தத் தசை சுருங்க முயன்றுகொண்டே நீட்டப்படுகிறது. இந்த இழுபறியில் தசையிழைகளின் நுண்ணிய அலகுகள் அங்கங்கே சிதைகின்றன. மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்கும்போது தொடை கதறுவது இதனால்தான். லாக்டிக் அமிலம் தேங்குவதாகச் சொல்வது பழைய கதை. நிதானமான நடையில் அது அதிகம் சேர்வதே இல்லை, சேர்ந்தாலும் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். வலியோ ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள்தான் உச்சத்துக்கு வருகிறது. சிதைந்த இழைகள் சீராகும்போது தசை அந்த வகைப் பாரத்துக்குப் பழகிக்கொள்கிறது. சில வாரங்கள் கழித்து அதே சரிவில் இறங்கினால் வலி பாதிகூட இருக்காது. எனவே மேடு பள்ளமான பகுதியில் நீண்ட நடை ஒன்றைத் திட்டமிட்டிருப்பவர்கள், இரண்டு வாரம் முன்பே எங்காவது ஒரு சரிவில் கொஞ்ச நேரம் இறங்கிப் பழகினால் போதும். ஏறிப் பழகுவது இதற்கு உதவாது, ஏற்றத்தில் தசைக்கு அந்த நீட்டல் கிடைப்பதில்லை.