ஸ்டேக்ஹோல்டர்: பந்தயம் கட்டியவரா, பணத்தை வைத்திருப்பவரா?

'ஸ்டேக்ஹோல்டர்' என்ற சொல் கண்ணில் பட்டதும் நம் செய்தித்தாள்கள் 'பங்குதாரர்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. மின்துறைச் செய்திகளில் இது ரொம்ப அதிகம். பங்குதாரர் என்றால் நிறுவனத்தில் பங்கு வாங்கி வைத்திருப்பவர், ஆண்டுக்கொருமுறை ஈவுத்தொகை எதிர்பார்ப்பவர். கரண்ட் பில் கட்டுகிற குடும்பத்துக்கு மின் நிறுவனத்தில் என்ன பங்கு இருக்கிறது? ஆனால் அவர்களும் ஸ்டேக்ஹோல்டர்கள்தான். இந்தச் சொல்லே பங்குதாரரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டுவதற்காகப் புழக்கத்துக்கு வந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

முதலில் பழைய கதை. ஆங்கிலத்தில் 'ஸ்டேக்' என்றால் பந்தயத்தில் வைக்கிற பணம், நம் பணயம். அதே உச்சரிப்பில் தரையில் அடிக்கிற முளைக்குச்சிக்கும் ஒரு சொல் உண்டு, பந்தயப் பொருளை அந்தக் குச்சியில் தொங்கவிட்டதால் பெயர் ஒட்டிக்கொண்டது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள், ஆனால் அது நிரூபணமானதில்லை, விட்டுவிடலாம். 'ஸ்டேக்ஹோல்டர்' அச்சில் முதலில் தென்படுவது 1708 வாக்கில். அப்போது அதன் பொருள், பந்தயம் கட்டிய இருவரின் பணத்தையும் கையில் வாங்கி வைத்திருக்கும் மூன்றாவது ஆள். "காசை அவர்கிட்ட குடுத்து வைப்போம், ஜெயிச்சவன் வாங்கிக்கட்டும்" என்கிறோமே, அந்த 'அவர்'. அவருக்குப் பந்தயத்தில் ஒரு பைசா கூடக் கிடையாது, யார் ஜெயித்தாலும் ஒன்றுதான், அதனால்தான் இரண்டு பேரும் அவரை நம்புகிறார்கள். ஆங்கிலச் சட்டத்தில் இந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது: இருவர் உரிமை கோரும் பணத்தை, வழக்கு முடியும்வரை தனக்கென்று எதுவும் கோராமல் வைத்திருப்பவரை நீதிமன்றங்கள் இப்போதும் அப்படித்தான் அழைக்கின்றன.

பிறகு 1963-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தின் உள்குறிப்பு ஒன்றில் சொல் தலைகீழாகத் திரும்பியது. நிறுவனத்தின் மேலாளர்கள் 'ஸ்டாக்ஹோல்டர்'களுக்கு, அதாவது பங்குதாரர்களுக்கு, மட்டும் பதில் சொன்னால் போதாது. தொழிலாளி, வாடிக்கையாளர், சரக்கு தருபவர், கடன் கொடுத்தவர் என்று யார் ஆதரவு இல்லாவிட்டால் நிறுவனமே நிற்காதோ அவர்கள் எல்லாரையும் பார்க்க வேண்டும் என்றார்கள். ஸ்டாக்ஹோல்டருக்கு எதுகையாக ஸ்டேக்ஹோல்டர். 1984-ல் எட்வர்ட் ஃப்ரீமன் என்ற மேலாண்மைப் பேராசிரியர் அதை ஒரு கோட்பாடாகவே ஆக்கினார், அப்புறம் உலகவங்கி அறிக்கையிலிருந்து உள்ளூர்க் கருத்தரங்குவரை எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டது. ஆக, பந்தயத்தில் பணமே போடாத ஆளைக் குறித்த சொல் இன்று பணம் போட்ட எல்லாரையும் குறிக்கிறது.

இந்த இரண்டு பொருளும் ஒரே கட்டடத்துக்குள் முட்டிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. பிஜேஎம் என்கிற அமெரிக்க மின்தொகுப்பு அமைப்பு. பென்சில்வேனியா, (நியூ)ஜெர்சி, மேரிலாந்து என்ற மூன்று மாநிலங்களின் முதலெழுத்துதான் பெயர், ஆனால் இப்போது 13 மாநிலங்கள் முழுதாகவோ பகுதியாகவோ இதில் அடக்கம், தலைநகர் வாஷிங்டனும் உண்டு, ஆறரைக் கோடிப் பேருக்கு மேல் இதன் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. 1927-ல் மூன்று மின் நிறுவனங்கள் கம்பிகளை இணைத்து உபரியைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியது, 1956-ல் மேரிலாந்து நிறுவனமும் சேர்ந்த பிறகு இந்தப் பெயர். 1997 வரை அது கம்பெனிக்காரர்களின் கூட்டாளி ஏற்பாடுதான். 1996-ல் ஃபெர்க் எனப்படும் அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஓர் உத்தரவு போட்டது: மின்கம்பி வைத்திருப்பவரே மின்நிலையமும் வைத்திருந்தால் போட்டியாளரின் மின்சாரத்துக்கு வழிவிட மாட்டார், எல்லாருக்கும் ஒரே மாதிரி வழிவிட வேண்டும் என்று. அடுத்த ஆண்டே பிஜேஎம் தனி அமைப்பானது. அதற்குச் சொந்தமாகக் கம்பி கிடையாது, மின்நிலையம் கிடையாது, லாபநோக்கம் கிடையாது. மின்தொகுப்பை இயக்குவதும், எந்த நிலையம் எவ்வளவு உற்பத்தி செய்வது, எந்த விலைக்கு விற்பது என்ற சந்தையை நடத்துவதும்தான் முக்கிய வேலை. அதன் வாரியத்தில் இருப்பவர்களுக்கு உறுப்பினர் கம்பெனிகளில் பணத் தொடர்பு இருக்கக் கூடாது. அதாவது 1708-ன் பொருளில் அசல் ஸ்டேக்ஹோல்டர் பிஜேஎம்தான்.

ஆனால் விதிகளை மாற்றுவது என்று வந்தால் 1963-ன் பொருள் உள்ளே வந்துவிடுகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள், அவர்களை ஐந்து பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள்: மின்கம்பிக்காரர்கள், உற்பத்தியாளர்கள், வியாபாரிகள் உள்ளிட்ட பிற விற்பனையாளர்கள், விநியோக நிறுவனங்கள், கடைசியாக நுகர்வோர். மேல்மட்டக் குழுக்களில் ஒவ்வொரு பிரிவுக்கும் மதிப்பு 1. ஒரு பிரிவில் ஓட்டுப்போட்டவர்களில் பத்துக்கு ஆறு பேர் சரி என்றால் அந்தப் பிரிவிலிருந்து 0.6 வரும், ஐந்தையும் கூட்டி மொத்தம் 5-க்கு 3.335 வந்தால், அதாவது மூன்றில் இரண்டு பங்கு வந்தால், தீர்மானம் நிறைவேறும். பார்க்க அழகான கணக்கு. ஆனால் இரண்டு பிரிவுகள் ஒட்டுமொத்தமாக வேண்டாம் என்றால் மிச்சம் மூன்று பிரிவும் ஒருவர் பாக்கியில்லாமல் வேண்டும் என்றாலும் கூட்டுத்தொகை 3, தீர்மானம் அவுட். இருக்கிற நிலையே லாபம் என்பவர்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. நுகர்வோர் பிரிவில் பெரிய தொழிற்சாலைகளும் உண்டு, மாநிலங்களின் நுகர்வோர் வழக்காளர் அலுவலகங்களும் உண்டு. சாதாரண வீடுகளுக்காகப் பேச இருக்கிற ஆள் இந்த அலுவலகம் மட்டும்தான். மாநில ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு ஓட்டே கிடையாது, 2005-லிருந்து ஒரு சங்கம் வைத்து ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு முடிச்சும் உண்டு, இதை விட்டுவிட்டால் செய்தி புரியாது. பிஜேஎம்முக்கு இரண்டு விதிப்புத்தகங்கள். உறுப்பினர்களுக்கிடையேயான இயக்க ஒப்பந்தத்தை மாற்ற உறுப்பினர் ஓட்டு வேண்டும். அது கிடைக்காவிட்டால், இருக்கிற விதி அநியாயமானது என்று ஃபெர்க்கிடம் வாரியம் நிரூபித்தாக வேண்டும், அது கஷ்டமான வழி. ஆனால் கட்டண விதிகளை வாரியம் உறுப்பினர் சம்மதம் இல்லாமலே நேராக ஃபெர்க்கிடம் தாக்கல் செய்யலாம். மிகப் பெரிய பணம் புரளும் திறன் சந்தை இந்த இரண்டாவது புத்தகத்தில் இருக்கிறது. அதில் உறுப்பினர் ஓட்டு வெறும் ஆலோசனைதான்.

திறன் சந்தை என்றால், தேவைப்படும்போது மின்சாரம் தரத் தயாராக இருக்கிறேன் என்று மின்நிலையம் வாக்குக் கொடுப்பதற்குக் கிடைக்கும் பணம். 2024 ஜூலையில் நடந்த ஏலத்தில் ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 28.92 டாலராக இருந்த விலை 269.92 டாலருக்குத் தாவியது. மொத்தச் செலவு 220 கோடி டாலரிலிருந்து 1,470 கோடி டாலர். டேட்டா சென்டர்களின் பசி, பழைய நிலையங்கள் மூடப்படுவது, புது நிலையங்கள் இணைப்புக்காக வரிசையில் காத்துக் கிடப்பது, விதி மாற்றங்கள் என்று காரணங்கள் பல. 2025 ஜூனில் நியூஜெர்சி வீடுகளின் மின்கட்டணம் 17 முதல் 20 சதவீதம் ஏறியது. அந்த ஆண்டு அங்கே நடந்த ஆளுநர் தேர்தலில் கரண்ட் பில்தான் பேச்சு.

அப்போதுதான் ஆளுநர்கள் விழித்துக்கொண்டார்கள். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர், நம் முதலமைச்சர் இடத்தில் இருப்பவர்.) பென்சில்வேனியா ஆளுநர் ஜோஷ் ஷப்பிரோ 2024 டிசம்பரில் ஃபெர்க்கிடம் புகார் கொடுத்தார், அடுத்த மாதமே பிஜேஎம் அவரோடு சமரசத்துக்கு வந்து அடுத்த இரண்டு ஏலங்களுக்கு உச்சவரம்பு சுமார் 325 டாலர் என்று ஒத்துக்கொண்டது. ஆயிரம் உறுப்பினர்கள் குழு மேல் குழு போட்டுப் பேசுகிற அமைப்பில், ஓட்டே இல்லாத ஒருவர் ஒரு புகார்மனுவில் இவ்வளவு சாதித்ததைப் பார்த்த பிறகு அந்தக் குழுக்களுக்கு என்ன மரியாதை மிஞ்சும்? 2025 மே மாதம் உறுப்பினர்கள் தங்கள் பங்குக்கு வாரியத் தலைவரையும் இன்னொரு வாரிய உறுப்பினரையும் மறுபடி தேர்ந்தெடுக்காமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜூலையில் ஒன்பது ஆளுநர்கள், வாரியத்தில் இரண்டு இடங்களுக்கு நாங்கள் பெயர் சொல்ல வேண்டும் என்று கடிதம் எழுதினார்கள். நவம்பரில் டேட்டா சென்டர்களை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு டஜன் திட்டங்கள் ஓட்டுக்கு வந்தன, ஒன்றுக்கும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. முடிவு வாரியத்தின் தலையில் விழுந்தது.

இதைச் சீர்திருத்துவது எப்படி என்பதில் பெரும்பாலான யோசனைகள் ஓட்டுக்கணக்கைச் சுற்றியே போகின்றன: ஐந்து பிரிவை ஆறாக்கு, மாநிலங்களுக்கு ஓட்டுக் கொடு, மூன்றில் இரண்டைப் பாதிக்கு மேல் என்று குறை. என் கருத்தில் அதற்கு முன்னால் ஒன்று தீர வேண்டும். பணத்தைக் கையில் வைத்திருப்பவரை, இங்கே பிஜேஎம் வாரியத்தை, பந்தயம் கட்டியவர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கவும் நீக்கவும் முடிகிறது, அப்புறம் அவர் நடுவாக இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறார்கள். இது எத்தனை நாள் ஓடும்?

இதன் முற்றிய வடிவத்தைக் கலிபோர்னியா பார்த்துவிட்டது. 1998-ல் அங்கே மின்தொகுப்பு அமைப்பைத் தொடங்கியபோது வாரியத்தையே ஸ்டேக்ஹோல்டர் வாரியமாக அமைத்தார்கள், 26 பேர், ஒவ்வொருவரும் ஒவ்வொரு தரப்பு. 2000-ல் மின்நெருக்கடி வந்து விலை கன்னாபின்னாவென்று ஏறியது, அந்த டிசம்பரில் அந்த வாரியத்தைக் கலைத்துவிட்டுச் சார்பில்லாத வாரியம் போடு என்று ஃபெர்க் சொன்னது. மாநிலம் கலைத்தது, ஆனால் 2001 ஜனவரியில் ஆளுநர் நியமிக்கும் ஐந்து பேரை உட்காரவைத்தது. ஃபெர்க் எதிர்க்க, 2004-ல் நீதிமன்றம் வாரியத்தை மாற்றும் அதிகாரம் ஃபெர்க்குக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. டெக்சாஸிலும் ஏறக்குறைய இதே வழி. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன, அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். அந்த மாநில மின்தொகுப்பை நடத்தும் எர்காட் அமைப்பின் வாரியத்தில் அதுவரை சந்தைத் தரப்புகளுக்கு இடம் இருந்தது. அந்த ஆண்டு வந்த சட்டம் அதை எடுத்துவிட்டு, அரசியல் தலைவர்கள் நியமிக்கும் தேர்வுக்குழு வழியாக எட்டுப் பேரைக் கொண்டுவந்தது, எல்லாரும் டெக்சாஸ்வாசிகளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இரண்டு இடத்திலும் தரப்புகள் போய் அரசியல் வந்தது. அது நடுநிலையா என்பது வேறு சண்டை.

சரி, தமிழில் என்ன எழுதுவது? பங்குதாரர் கூடாது, மேலே சொன்ன காரணம் போதும். 'பங்கு'க்குப் பின்னால் இருக்கும் 'தார்' பாரசீகத்திலிருந்து வந்த ஒட்டு என்பது உபதகவல். பங்கேற்பாளர் என்றால் கூட்டத்துக்கு வந்தவர். பில் கட்டுகிறவர்களில் பாதிப்பேருக்குக் கூட்டம் நடப்பதே தெரியாது. பயனாளி என்றால் நட்டப்படுகிறவர் வெளியே போய்விடுகிறார். ஆர்வலர் என்று சிலர் எழுதுகிறார்கள், அது பறவை பார்ப்பவருக்குச் சரி, அனல்மின் நிலையம் வைத்திருப்பவரை ஆர்வலர் என்றால் அவரே சிரிப்பார். இலங்கை அறிக்கைகளில் 'பங்கீடுபாட்டாளர்' என்று பார்த்திருக்கிறேன், பங்கையும் ஈடுபாட்டையும் சேர்த்திருக்கிறார்கள், பொருள் நெருங்கி வருகிறது, வாய்தான் திணறுகிறது. பத்திர எழுத்தர்களின் 'பாத்தியப்பட்டவர்' எனக்குப் பிடித்த சொல், 'எனக்குப் பாத்தியப்பட்ட நிலம்' என்பதில் இருக்கிற உரிமைக்கோரல்தான் ஸ்டேக்கின் ஒரு பாதி. ஆனால் இன்றைக்குச் செய்தியில் எழுதினால் அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும்.

நான் 'தரப்பினர்' என்று எழுதுவேன். தரப்பும் உருது வழியாக வந்த சொல்தான், ஆனால் முத்தரப்புப் பேச்சுவார்த்தை, எதிர்த்தரப்பு வக்கீல் என்று அது நம் வாயில் ஊறிப் பல காலமாகிவிட்டது. தனித்தமிழ் வேண்டும் என்பவர்கள் 'தொடர்புடையோர்' என்று எழுதலாம், கொஞ்சம் நீர்த்துப்போகும், தவறில்லை. தரப்பினரில் ஒரு நேர்மை இருக்கிறது: இவர் தன் பக்கத்துக்காகப் பேசுகிறவர் என்பதை அது மறைப்பதில்லை. ஓட்டு இல்லாமல் பில் மட்டும் கட்டுகிறவரைச் சொல்லும்போது 'பாதிக்கப்படுவோர்' என்று தனியாகவே எழுதிவிடலாம், இரண்டையும் ஒரே சொல்லில் குழைக்கத் தேவையில்லை. ஸ்டேக்ஹோல்டர் பிராசஸுக்குத் 'தரப்பினர் கலந்தாய்வு', கலிபோர்னியாவில் கலைத்ததற்குத் 'தரப்பினர் வாரியம்', 1708-ன் பழைய ஆளுக்குத் 'தரப்பு சாராதவர்'. ஆளுநர்கள் கேட்ட அந்த இரண்டு இடங்களில் வருகிறவர்களைத் தரப்பினர், பாதிக்கப்படுவோர், தரப்பு சாராதவர் என்ற மூன்றில் எதில் சேர்ப்பது என்றால், கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது, உட்கார்ந்த பிறகு எப்படி ஓட்டுப்போடுகிறார்கள் என்று பார்த்துத்தான் எழுத வேண்டும்.