கதையில் யார் அழ வேண்டும்?

என்னிடம் திருத்தத்துக்கு வரும் சிறுகதைகளில் பெரும்பாலானவற்றில் யாராவது ஒருவர் செத்துப்போகிறார். அப்பா, அம்மா, அப்பத்தா, கட்டிக்கொடுத்த வீட்டில் அக்கா, சில சமயம் வளர்த்த நாய். மதுரையில் இருந்துகொண்டு கதைகளைச் செம்மைப்படுத்திக் கொடுப்பது என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக எழுதுகிறவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்தெல்லாம் பஸ் பிடித்து வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் துக்கத்தில் பொய் கிடையாது. பலரும் தங்கள் வீட்டில் நடந்ததைத்தான் எழுதியிருப்பார்கள். ஆனாலும் படித்து முடித்தால் மனசு அசைவதில்லை. அழுதுகொண்டே எழுதிய பக்கத்தை வாசகர் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுகிறார். எழுதியவருக்கு அது பெரிய அடி. சொல்ல நிறைய வைத்திருக்கும் பலர் இந்த இடத்தில்தான் எழுத்தை விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

'இதயம் சுக்குநூறாக உடைந்தது.' 'கண்கள் குளமாயின.' 'உலகமே இருண்டது.' 'நெஞ்சை யாரோ பிசைவது போல் இருந்தது.' கைப்பிரதியில் நான் முதலில் பென்சிலால் வட்டம் போடுவது இவற்றுக்குத்தான். இவை பல்லாயிரம் கதைகளில் புழங்கித் தேய்ந்தவை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கதைக்குள் இருப்பவர் தேம்பித் தேம்பி அழுது தீர்த்துவிட்டால் படிப்பவருக்குச் செய்ய வேலை எதுவும் மிச்சமிருக்காது. தெரியாத வீட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பவராக ஆகிவிடுவார். சோகத்தைக் கூட்ட வேண்டும் என்று வாக்கியத்துக்கு வாக்கியம் மூன்று புள்ளியும் இரண்டு ஆச்சரியக்குறியும் போட்டால் அவர் இன்னும் நாலடி தள்ளிப் போவார்.

வகுப்புக்கு வந்த ஒரு பெண்ணின் கதையை அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். அவருடைய அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து இறந்தவர். முதல் பிரதியில் அப்பா தியாகத்தின் திருவுருவமாக வருகிறார், குடும்பத்துக்காக உழைத்து ஓடாய்த் தேய்கிறார், கடைசிப் பக்கத்தில் மாரடைப்பில் போகிறார். மகள் கதறுகிறாள். எந்த ஊர் எந்த அப்பாவையும் அந்தக் கதையில் வைக்கலாம்.

"அப்பா வீட்ல எப்படி இருப்பாரு?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்டுச் செலவுக்குக் குடுக்குற பணத்தைக்கூட நீளவாக்குல மடிச்சுத்தான் சார் குடுப்பாரு" என்றார்.

கண்டக்டர்கள் பத்து, இருபது, ஐம்பது என்று நோட்டுகளைப் பிரித்து, நீளவாக்கில் மடித்து, விரலிடுக்கில் செருகிக்கொள்வதைப் பஸ்ஸில் போகிற எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது. பால்காரருக்கு, உண்டியலுக்கு, மகளின் பரீட்சைக் கட்டணத்துக்கு, எல்லாவற்றுக்கும் அதே மடிப்பு. அம்மா ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டே வாங்கி, தொடையில் வைத்து நீவி நேராக்கி, டப்பாவில் போடுவாராம்.

இவ்வளவு கையில் இருந்தும் கதையில் ஒரு வரி இல்லை! இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்திருக்கிறார். திரும்ப எழுதியபோது கதை இரண்டு பக்கம் குறைந்தது. ஆரம்பத்தில் அம்மாவின் திட்டு வருகிறது, நமக்குச் சிரிப்பு வருகிறது. நடுவில் பள்ளிக்கூட அலுவலகத்தில் பணம் வாங்குகிறவர், "என்னம்மா, டிக்கெட் காசா?" என்று கேட்கிறார், பின்னால் நிற்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அவளுக்கு முகம் சுருங்கிப்போகிறது. அப்பாவின் சாவு ஒரே வாக்கியம். பதினாறாம் நாள் முடிந்து, வேலைக்குப் போக ஆரம்பித்த மகள் முதல் தடவையாக வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுக்கிறாள். அவளை அறியாமலே நோட்டை நீளவாக்கில் மடித்துவிட்டிருக்கிறாள். அம்மா வாங்கித் தொடையில் வைத்து நீவுகிறார், எண்ணுகிறார், "பாலுக்குத் தனியா எரநூறு வேணும்" என்கிறார். கதை அங்கே முடிகிறது. ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது.

அதை வகுப்பில் வாசித்ததும் ஒருவர் தன் அப்பாவின் சட்டையில் ஒட்டியிருக்கும் மில் பஞ்சைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். இன்னொருவர் தன் அம்மா பூக்கட்டும்போது பல்லில் நார் கிழிப்பதைச் சொன்னார். கேதம் கேட்கப் போகிற இடத்திலும் இதுதான் நடக்கிறது. ஒப்பாரி வைக்கும் பெண்களில் பாதிப்பேர் இறந்தவரை அவ்வளவாக அறியாதவர்கள். அந்தப் பாட்டைச் சாக்காக வைத்துத் தங்கள் வீட்டில் போனவர்களை நினைத்து அழுகிறார்கள். நல்ல கதையும் வாசகர் தன் துக்கத்தைக் கொண்டுவந்து வைக்க ஓர் இடத்தைக் காலியாக விட்டுவைக்கிறது.

ஆனால் காலியாக விட்டால் மட்டும் போதாது. அந்த மடித்த நோட்டு நாம் சிரித்துக்கொண்டிருந்தபோதே கதைக்குள் வந்துவிட்டது, அதனால்தான் கடைசியில் அதற்கு அவ்வளவு கனம். கடைசிப் பக்கத்தில் திடீரென்று கொண்டுவந்திருந்தால் ஒரு தகவலாகப் போயிருக்கும். புதிதாக எழுதுகிறவர்களிடம் நான் அடிக்கடி சொல்வது: சோகத்தைக் கடைசிப் பக்கத்தில் தேடாதீர்கள், கதையின் சந்தோஷமான பகுதிக்குத் திரும்பிப் போங்கள். இழக்கப்போவது என்ன என்று வாசகருக்கு அங்கேயே தெரிந்திருக்க வேண்டும்.

நம்ம ஊரை எரித்த கதையில் இளங்கோவடிகள் இதைத்தான் செய்திருக்கிறார். கோவலன் வெட்டுப்படுவது மதுரைக் காண்டத்தில் கொலைக்களக் காதையில். அதே காதையின் முன்பகுதியில் நடப்பது சமையல். மதுரைக்கு வெளியே ஆயர் குடியில், மாதரி கொடுத்த வீட்டில், புகார்ப் பெருஞ்செல்வர் வீட்டுப் பெண் கண்ணகி காய் நறுக்குகிறாள். பலாக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி என்று என்னென்ன வந்தது என்பது வரை இருக்கிறது. விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. மாதரியின் மகள் ஐயை வைக்கோலில் தீ மூட்டித் தருகிறாள். பனையோலைத் தவிசில் கோவலன் உட்கார்ந்ததும் அவன் காலைக் கழுவிவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்துத் தடவி, குருத்து வாழையிலை விரித்து, 'அமுதம் உண்க அடிகள் ஈங்கு' என்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலை பாக்கு. அதற்குப் பிறகுதான் ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு அவன் கிளம்புகிறான். பெருகி வரும் கண்ணீரை அவளுக்குக் காட்டாமல் மறைத்துக்கொண்டு போகிறான். 'வருபனி கரந்த கண்ணன்' என்று வருகிறது.

பிரிந்திருந்த புருஷனுக்கு இத்தனை நாளுக்குப் பிறகு இலை போட்டுச் சோறு வைக்கும் சந்தோஷத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு, அதே காதை முடிவதற்குள் அவனை எடுத்துக்கொள்கிறார். பின்னால் கண்ணகி வாய்விட்டு அழுகிறாள், ஊரே கேட்க அழுகிறாள். கதாபாத்திரம் அழவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த வாழையிலையைப் பார்த்த பிறகு அவள் எவ்வளவு அழுதாலும் நமக்கு அதிகமாகத் தெரிவதில்லை.

சரி, அழுகைக்குச் சாவு மட்டும்தான் காரணமா? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று பிரிக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. என்னிடம் வரும் கதைகள் இழவையும் வறுமையையும் விட்டு வெளியே வருவதே அபூர்வம். மற்ற இரண்டும் அப்படியே கிடக்கின்றன. பிறர் இகழ்ந்து பேச, எளியவராக நிற்பது இளிவு. முன்பிருந்த நிலை கெட்டு வேறொரு நிலைக்கு வந்து வருந்துவது அசைவு. செல்லூரில் சொந்தத் தறி வைத்து நாலு பேருக்குக் கூலி கொடுத்தவர், இன்றைக்கு ஜவுளிக்கடை வாசலில் வாட்ச்மேனாக நிற்கிறார். பழைய கூலிக்காரர் குடும்பத்தோடு தீபாவளித் துணி எடுக்க அந்தக் கடைக்கு வருகிறார். யாரும் சாக வேண்டியதில்லை. கதவைத் திறந்துவிடும்போது இவர் முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வார், அவர் 'முதலாளி' என்று கூப்பிடுவாரா மாட்டாரா என்பதிலேயே ஒரு கதை இருக்கிறது. சம்பந்தி வீட்டுத் திண்ணையோடு நிறுத்தி அனுப்பப்பட்ட அப்பாவும் அப்படித்தான். உவகையை எழுதுகிறவர் இன்னும் குறைவு. சந்தோஷத்தில் கண் கலங்க வைப்பது எல்லாவற்றையும்விடக் கஷ்டம், ஆனால் எழுதிப் பார்க்க வேண்டிய ஒன்று.

துக்கத்தில் மனிதர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று கவனிப்பதும் எழுதுகிறவர் வேலைதான். பெரிய ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் காத்திருப்பவர்கள் என்ன பேசுகிறார்கள்? ஆதார் ஜெராக்ஸ் யாரிடம் இருக்கிறது, வண்டிக்கு எவ்வளவு கேட்கிறான், தத்தனேரி சுடுகாட்டுக்கா ஊருக்கே கொண்டு போவதா, பெரியம்மா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே, ஒரு டீயாவது வாங்கிக் கொடு. தகப்பனைப் பறிகொடுத்த மகன் சில்லறை கொடுத்து வாங்கிக்கொண்டிருப்பான். வேலை நடந்துகொண்டே இருக்கும், அழுகை அதன் நடுவில் எங்கேயோ வந்து போகும். கதையில் மட்டும் ஏன் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு உத்தரத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? உங்கள் பாத்திரத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். சோகம் எவ்வளவு என்று அந்தக் கை செய்யும் வேலையில் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கதையை முடிக்க வழி தெரியாதபோது கதாநாயகியைத் தூக்கில் தொங்கவிடுவது, விவசாயிக்கு மருந்து டப்பாவை எடுத்துக் கொடுப்பது இன்னும் நடக்கிறது. அது வாசகருக்கு அதிர்ச்சியைத் தரலாம், நெகிழ்வைத் தராது. ஆபத்தும் இருக்கிறது. தற்கொலை செய்துகொண்ட முறையை விவரிக்காதீர்கள், அதைப் பிரச்சினைக்குத் தீர்வாகக் காட்டாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்லியிருக்கிறது. கதை எழுதுகிறவர்களும் அதைக் கேட்டுக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை, ஏற்கெனவே உடைந்துபோய் இருக்கும் ஒருவர் கையிலும் நம் கதை கிடைக்கலாம். வகுப்பில் அப்படி ஒரு கதை வந்தால் எழுதியவரோடு தனியாக உட்கார்ந்து பேசுகிறேன். சில நேரம் அது கதையாக மட்டும் இருப்பதில்லை. அப்போது கதையை ஓரமாக வைத்துவிட்டு, அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண்ணைக் கொடுக்கிறேன்: 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது.

கடைசியாக, அடுத்தவர் துக்கத்தை எடுத்து எழுதுவது பற்றி. அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், புருஷன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணின் கதையை எழுதியிருந்தார். நன்றாகவே இருந்தது. விசாரித்தால், தெருவில் இரண்டு வீடு தள்ளி இருக்கிற பெண். அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கதை அச்சானால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். உண்மையை மாற்றினால் கதையின் உயிர் போய்விடும் என்று எழுதியவர் பயந்தார். கடைசியில் கதையைச் சோழவந்தானுக்கு மாற்றி, அந்தப் பெண்ணை வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்ப்பவளாக ஆக்கினோம். அதற்காக அவர் போய், பெண்கள் உட்கார்ந்து இலை பிரித்து எண்ணிக் கவுளிக் கட்டாகக் கட்டுவதை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வந்தார். கதையில் இப்போது அவள் இலை எண்ணிக்கொண்டிருக்கும்போது புருஷனின் தம்பி வரப்பில் நடந்து போகிறான். கணக்கு விட்டுப்போகிறது. அடுக்கிய இலையைக் கலைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறாள். பழைய பிரதியில் ஒரு பக்கத்துக்கு இருந்த புலம்பலை எழுதியவரே எடுத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சுட்டும் எதுவும் அதில் இல்லை, கதைக்கும் ஒரு குறையும் வரவில்லை.