பீட்ரூட் இல்லாமல் பீட்ரூட் சிவப்பு

2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது நினைவிருக்கும். சென்னையில் எடுத்த மாதிரிகளைச் சோதித்தபோது, துணிக்குப் போடுகிற ரோடமின்-பி சாயம் அதில் இருந்தது தெரியவந்தது. விலை மலிவு, கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறம். ஆனால் சாப்பிடக் கூடாத பொருள்.

அதற்குப் பதில் பீட்ரூட் சாற்றைக் கலக்க வேண்டியதுதானே? கணக்கு இடிக்கிறது. பீட்ரூட்டுக்குச் சிவப்பைத் தரும் பீட்டானின், அதன் எடையில் சுமார் 0.2 சதவீதம்தான். கோயம்பேட்டில் ஒரு கிலோ வாங்கினால், துளி விடாமல் பிரித்தாலும் 2 கிராம் கிடைக்கும். மீதியெல்லாம் தண்ணீரும் சக்கையும். போதாக்குறைக்கு, மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்குக் காரணமான அதே ஜியோஸ்மின் பீட்ரூட்டிலும் உண்டு. ரோஸ்மில்க்கில் மண்வாசனை யாருக்கு வேண்டும்?

அதனால்தான் ஆய்வாளர்கள் ஈஸ்ட் பக்கம் போனார்கள். சர்க்கரையைத் தின்று டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உண்டாக்குவது ஈஸ்டுக்கு அன்றாட வேலை. பீட்ரூட் செடியும் அந்த டைரோசினிலிருந்துதான் சிவப்பைத் தொடங்குகிறது. ஈஸ்டிடம் இல்லாதவை மூன்று நொதிகள். முதலாவது டைரோசினை டோபா என்ற பொருளாக்கி, அதில் ஒரு பகுதியை வளைய வடிவத்துக்கும் மாற்றுகிறது. இரண்டாவது, மீதி டோபாவை உடைத்து பீட்டாலமிக் அமிலம் என்ற மஞ்சள் பொருளாக்குகிறது. இந்த மஞ்சளும் அந்த வளையமும் சேர்ந்தால் சிவப்பு. மூன்றாவது நொதி அந்தச் சேர்மத்தோடு ஒரு குளுக்கோஸை ஒட்டவைக்கிறது. அதுதான் பீட்டானின்.

செடியிலுள்ள இந்த நொதிகளின் மரபணுக்களை ஈஸ்டுக்குள் செருகிவிட்டால் முடிந்ததா? அது சுலபமான பாதி. தொல்லை எல்லாம் அதற்குப் பிறகுதான். டைரோசின் போதுமான அளவு சேர்ந்ததும் ஈஸ்ட் அதன் உற்பத்தியை நிறுத்திவிடும், தொட்டி நிரம்பியதும் மிதவை குழாயை அடைப்பது மாதிரி. அந்தத் தடைக்கு அசையாதபடி, டைரோசினை உண்டாக்கும் நொதிகளைத் திருத்த வேண்டும். அப்புறம், பீட்டாலமிக் அமிலம் அங்கே கிடக்கிற ஏதாவது அமினோ அமிலத்தோடு தானாகவே ஒட்டிக்கொண்டால் சிவப்புக்குப் பதில் மஞ்சள் நிறமி வந்துவிடும். எல்லாம் சரியாக அமைந்தாலும், பீட்டானினில் ஒட்டிய குளுக்கோஸை ஈஸ்டின் சொந்த நொதிகளே வெட்டித் தின்னப் பார்க்கும். அந்த நொதிகளின் மரபணுக்களையும் நீக்கியாக வேண்டும்.

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் யாரோவியா லிப்போலிட்டிகா என்ற ஈஸ்டை இப்படித் திருத்தி, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். லிட்டருக்கு சுமார் 1.27 கிராம் பீட்டானின், 51 மணி நேரத்தில். நம் கணக்குப்படி, ஒரு லிட்டர் கலவை அரை கிலோவுக்கு மேற்பட்ட பீட்ரூட்டுக்குச் சமம், அதுவும் குறைந்த நிலத்தில். பெரிய தொழிற்சாலை அளவில் செய்தால் செலவும் கட்டுப்படியாகும் என்பது அவர்கள் மதிப்பீடு. மதிப்பீட்டுக்கும் மளிகைக்கடை அலமாரிக்கும் நடுவே உணவுப் பாதுகாப்பு அனுமதி என்ற நீண்ட பாதை இருக்கிறது.

சரி, ரோஸ் நிறப் பஞ்சுமிட்டாய் திரும்ப வருமா? எனக்கு நம்பிக்கையில்லை. ஈஸ்ட் செய்தாலும் பீட்ரூட் செய்தாலும் மூலக்கூறு ஒன்றுதான், பலவீனமும் ஒன்றுதான். பீட்டானினுக்குச் சூடும் வெளிச்சமும் ஆகாது. சர்க்கரை உருகுகிற சூட்டில் அதன் நிறம் போய்விடும். கேசரியிலும் சந்தேகம்தான். ஐஸ்கிரீம், ரோஸ்மில்க், தயிர் போன்ற குளிர்ந்த சமாச்சாரங்களுக்கே அது பொருத்தம். சூட்டைத் தாங்கும் சிவப்பு வேண்டுமென்றால் கார்மினிக் அமிலம் இருக்கிறது. அதைக் கள்ளிச்செடியில் வாழும் பூச்சிகளை உலர்த்தி அரைத்து எடுக்கிறார்கள் என்பதால் சைவர்கள் முகம் சுளிப்பார்கள். தென்கொரியாவின் கெய்ஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் ஈ.கோலை பாக்டீரியாவை வைத்து, பூச்சியே இல்லாமல், அதையும் உண்டாக்கிக் காட்டினார்கள். கிடைத்தது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு.