இரண்டு தாள்கள்: உள்ளாட்சியில் வாக்களிக்காத தெருக்களைப் பற்றி

நகர்ப்புற உள்ளாட்சியில் பொறியாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினேன். ஒரு தேர்தல் முடிந்த சில வாரங்களில் வார்டு அலுவலகத்துக்கு வந்த புதிய மாமன்ற உறுப்பினரின் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, சாலை, வடிகால், தெருவிளக்குப் பணிகளின் பட்டியல். மற்றொன்று, வாக்கு எண்ணிக்கையின்போது அவருடைய முகவர்கள் சாவடி வாரியாகக் குறித்து வைத்திருந்த கணக்கு. யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்பது அதில் இராது. ஆனால் எந்தச் சாவடியில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வரவேயில்லை என்பது இருக்கும். முதல் தாளின் முன்னுரிமை வரிசை பெரும்பாலும் இரண்டாம் தாளை ஒட்டியே அமைந்திருந்தது என்பதை, மதிப்பீடுகளைத் தயாரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். இதை ஊழல் என்று சொல்ல மாட்டேன். வரையறுக்கப்பட்ட நிதியை வைத்திருக்கும் எவரும் தம்மைத் தேடி வருபவரையே முதலில் நினைப்பார்.

சென்னையின் கணக்கைப் பார்ப்போம். 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த மாநகராட்சித் தேர்தலில் அங்கே 43.59 விழுக்காட்டினரே வாக்களித்தனர். மாநில அளவில் நகர்ப்புற உள்ளாட்சிகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு பதிவானது. 61 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களை 200 வார்டுகளுக்குப் பகிர்ந்தால் வார்டுக்குச் சராசரியாக முப்பதாயிரம் பேர். அவர்களில் பதின்மூன்றாயிரம் பேர் வாக்களித்து, ஐந்தாறு முனைப் போட்டியும் நிலவினால், ஐயாயிரம் வாக்கு பெற்றவரே வென்றுவிட முடியும். ஆறு வாக்காளரில் ஒருவரை மட்டும் திருப்திப்படுத்தினால் போதும் என்ற நிலையில், மீதி ஐவரின் தெருவுக்கு அவர் ஏன் வர வேண்டும்? (வீடு மாறியவர்கள், இறந்தவர்களின் பெயர்களும் அப்போதைய பட்டியலில் இருந்ததால் உண்மையான வீதம் சற்றுக் கூடுதலாகவே இருந்திருக்கும். ஆனால் அதனால் இந்தக் கணக்கின் போக்கு மாறிவிடாது.)

வாக்குப்பதிவு கூடினால் நகரம் தானாகச் சீராகிவிடும் என்று நான் நம்பவில்லை. 2015 வெள்ளத்தின்போதும் 2023 டிசம்பர் வெள்ளத்தின்போதும் சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தது. குடிநீர் ஒரு வாரியத்திடமும், நில வகைப்பாடு பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமும் இருக்கின்றன. ஆணையரை நியமிப்பது மாநில அரசு. உறுப்பினரின் கையில் எஞ்சியிருப்பது குறைவு என்பதைப் பார்த்தே படித்த வாக்காளர் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். ஆனால் எஞ்சியிருக்கும் அந்தக் குறைவில்தான் உங்கள் தெருவின் வடிகாலும் குப்பை அகற்றலும் அடங்குகின்றன.

மன்றமே இல்லாத காலத்தையும் நாம் கண்டிருக்கிறோம். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, 2022 மார்ச் வரை அரசு நியமித்த தனி அலுவலர்களே நகரங்களை நிருவகித்தனர். கோப்புகள் அப்போது வேகமாகவே நகர்ந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தெருவின் பணி ஏன் கைவிடப்பட்டது என்று கேட்கப்படும் கூட்டம் ஒன்று இல்லாதபோது, எங்களைப் போன்ற அலுவலர்களும் பதிலைத் தயாராக வைத்திருப்பதில்லை.

புதிய மன்றம் அமைந்த ஒரு மாதத்துக்குள், 2022 ஏப்ரலில், 25 முதல் 150 விழுக்காடு வரையிலான சொத்துவரி உயர்வு அறிவிக்கப்பட்டது. அது மாநில அரசின் முடிவு. மத்திய நிதிக்குழு பரிந்துரைத்த மானியத்துக்கான நிபந்தனையும் அதன் பின்னணியில் இருந்தது. அப்போது எனக்குத் தெரிந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தார் சிலர் தம் உறுப்பினரைச் சந்திக்க எண்ணினார்கள். அவர் பெயர் என்ன என்று என்னைத்தான் கேட்டார்கள்.

2022இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி ஒவ்வொரு வார்டுக்கும் வார்டுக் குழுவும், வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் உள்ள வாக்காளர்கள் கூடும் பகுதி சபைகளும் உண்டு. வாக்களித்தவர் என்ற உரிமையோடு அங்கே கேட்கப்படும் ஒரு கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறினால், அதற்குப் பதில் எழுத வேண்டியவர் என்னைப் போன்ற பொறியாளரே. இப்போதைய மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. உள்ளாட்சிக்கென்று தனியாகப் பெயர் சேர்ப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். வீடு மாறியவர்கள் அந்தப் பட்டியலில் புதிய முகவரிக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால், அவர்களுடைய வாக்கு பழைய தெருவின் சாவடியிலேயே ‘வராதவர்’ கணக்கில் சேரும்.