திருச்சபையில் விவாகரத்துக்கு மனு கிடையாது

தவக்காலத்தில் திருமணங்களைத் தவிர்ப்பது நம் கத்தோலிக்கப் பங்குகளின் (கோவில் சமூகங்களின்) வழக்கம் என்பதால், உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிந்தைய வாரங்களுக்கு மண்டபங்கள் முன்கூட்டியே பதிவாகிவிடுகின்றன. அந்த நாற்பது நாட்களில்தான் என் அலுவலகத்துக்கு ஒரே வகையான குடும்பங்கள் வந்துகொண்டிருக்கும். இந்த ஆண்டு மூன்றாவதாக வந்தவர் ஓர் இளம்பெண், உடன் அவருடைய அண்ணன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். குடும்பநல நீதிமன்றத்தின் விவாகரத்துத் தீர்ப்பை மேசையில் வைத்து, அதன்மேல் அச்சடித்த திருமண அழைப்பிதழையும் வைத்தார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று, ஆனால் பங்குத்தந்தை ஓலை வாசிக்க, அதாவது திருமண அறிவிப்பைக் கோவிலில் படிக்க, மறுக்கிறார். "சர்ச் டிவோர்ஸ் வேண்டுமாம் மேடம், ஒரு மாதத்துக்குள் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், செலவைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்றார் அண்ணன். குடும்பநல நீதிமன்றத்திலும் மறைமாவட்டத் திருமணத் தீர்ப்பாயத்திலும் வழக்காடும் பொதுநிலையினரான நான், இந்தச் சொற்களை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.

திருச்சபை விவாகரத்து வழங்குவதில்லை. பீடத்தின் முன் இருவரும் சம்மதம் சொன்ன நாளில், அந்தச் சம்மதம் ஒரு திருமணத்தை உண்டாக்கும் தகுதியுடன் இருந்ததா என்பதை மட்டுமே தீர்ப்பாயம் ஆராய்கிறது. சூளையில் வேகும்போதே விரிசல் விட்ட பானையும், பத்து ஆண்டுகள் புழங்கியபின் கைதவறி உடைந்த பானையும் பார்வைக்கு ஒன்றுபோலவே ஓட்டுச்சில்லுகளாகக் கிடக்கும். பானை உடைந்துவிட்டதா என்று குடும்பநல நீதிமன்றம் கேட்கிறது. தீர்ப்பாயமோ சூளையில் என்ன நடந்தது என்று கேட்கிறது. ஆகவே, ஆறாம் ஆண்டில் கணவர் குடிக்கத் தொடங்கினார், எட்டாம் ஆண்டில் வேறொரு பெண்ணுடன் சென்றுவிட்டார் என்று பக்கம் பக்கமாக எழுதப்படும் மனு எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், அது மட்டும் போதாது. அதே மனிதர் தாலி கட்டுவதற்கு முன்பே குடிக்கு முற்றிலும் அடிமைப்பட்டு, இல்லறத்தின் அடிப்படைக் கடமைகளை ஏற்க இயலாத நிலையில் இருந்தார் என்று நிறுவப்பட்டால், அது சம்மதிக்கும் தகுதியின்மையைப் பற்றிய, திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1095ஆம் எண்ணுக்குள் வரக்கூடும். ஐயம் எஞ்சினால், திருமணம் செல்லும் என்றே கொள்ள வேண்டும் என்கிறது 1060ஆம் எண். அதைக் காப்பதற்கென்றே திருமண பந்தத்தின் பாதுகாவலர் ஒருவர் எதிரே அமர்ந்திருப்பார். ஓலைக்கு முன் பங்குத்தந்தை எடுத்த விசாரணையில் "முழு மனத்துடன் சம்மதிக்கிறேன்" என்று கட்சிக்காரர் கையெழுத்திட்ட தாளைத்தான் அவர் பெரும்பாலும் முதலில் எடுத்துக் காட்டுவார்.

இதில் என்னை மிகவும் சலிப்படையச் செய்வது, "போப்பாண்டவர்தான் எல்லாவற்றையும் எளிதாக்கிவிட்டாரே" என்ற பேச்சு. திருத்தந்தை பிரான்சிஸ் கொண்டுவந்த சீர்திருத்தம் 2015 டிசம்பர் 8 அன்று நடைமுறைக்கு வந்தது. இரண்டு தீர்ப்பாயங்கள் ஒரே முடிவைச் சொன்னால்தான் செல்லும் என்ற பழைய கட்டாயத்தை அது நீக்கியது. இருவரும் இசைந்து, சான்றும் வெளிப்படையாக இருக்கும் வழக்குகளில் ஆயரே குறுகிய விசாரணை நடத்தித் தீர்ப்பளிக்க வழி செய்தது. இயன்றவரை கட்டணமின்றி நடத்த வேண்டும் என்றும் சொன்னது. திருமணம் செல்லாது என்று அறிவிப்பதற்கான காரணங்களில் ஒன்றைக்கூட அது புதிதாகச் சேர்க்கவில்லை. எனவே செலவைப் பற்றிக் கவலைப்படாத அண்ணன்மாரிடம் நான் சொல்வது, இங்கே பணத்தைக் கொண்டு ஆகக்கூடிய வேலை எதுவும் இல்லை என்பதே.

அந்தப் பெண் அதுவரை பேசவே இல்லை. அண்ணன் தொலைபேசியில் பேச வெளியே சென்றபோது, தாழ்ந்த குரலில் கேட்டார்: "செல்லாது என்று சொல்லிவிட்டால், என் மகன் முறைதவறிப் பிறந்தவன் என்று ஆகிவிடுமா? அடுத்த ஆண்டு அவனுக்கு முதல் நற்கருணை." இந்த அச்சத்தாலேயே மனுவே போடாமல் முதுமையடைந்த பெண்களை எனக்குத் தெரியும். அப்படி ஆகாது. செல்லுபடியாகும் திருமணத்தில் மட்டுமல்லாமல், செல்லும் என்று நல்லெண்ணத்துடன் நம்பப்பட்ட திருமணத்தில் பிறந்த குழந்தைகளும் முறையாகப் பிறந்தவர்களே என்று 1137ஆம் எண் தெளிவாகக் கூறுகிறது. தீர்ப்பு வந்த மறுநாளும் அவன் அவனாகவே இருப்பான்.

விசாரணையில் வெளிவரும் உண்மைகளில் பெரும்பாலானவை, திருமணத்துக்கு முன்பே நான்கைந்து பேருக்குத் தெரிந்தவை. மனநல மருத்துவரிடம் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த சிகிச்சை, வேறு ஊரில் நடந்துமுடிந்த முதல் திருமணம், ஏற்கெனவே இருக்கும் குழந்தை ஆகியவற்றை "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற ஒற்றை வாக்கியத்தில் மூடிவிடுகிறார்கள். மருந்து எடுத்துக்கொள்பவர் திருமணம் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்துகொண்டு நன்றாக வாழ்பவர்கள் பலர். இல்வாழ்வைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒன்றை, சம்மதம் பெறும் நோக்கத்துடன் மறைத்து ஏமாற்றினால், அந்தச் சம்மதமே செல்லாமல் போகும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் புதிதாக வந்த 1098ஆம் எண். அவ்வாறே, வேறொருவரை விரும்பிய மகளிடம் "மருந்தைக் குடித்துவிடுவேன்" என்று சொல்லி மணவறைக்கு அனுப்பிய தாய்மார், தங்கள் கையாலேயே, அச்சுறுத்திப் பெற்ற சம்மதம் செல்லாது என்னும் 1103ஆம் எண்ணுக்குரிய வழக்கை எழுதித் தருகிறார்கள்.

இவற்றைத் தடுக்கத்தானே மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம்? தடை ஏதேனும் தெரிந்தால் திருமணத்துக்கு முன் அறிவிக்க இறைமக்கள் அனைவரும் கடமைப்பட்டவர்கள் என்று 1069ஆம் எண் சொல்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து என் அலுவலகத்தில் அமர்ந்து "எனக்கு அப்போதே தெரியும்" என்று தொடங்கும் சித்தப்பாவும் பெரியம்மாவும் அந்த மூன்று ஞாயிறுகளில் எந்தக் கோவிலில் இருந்தார்கள் என்று கேட்க எனக்கு நா துடிக்கும். கேட்பதில்லை. சாட்சி கோபித்துக்கொண்டு போய்விட்டால் வழக்கு போய்விடும்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. தீர்ப்பாயத்தின் அறிவிப்பு கையில் இருப்பதால் குடும்பநல நீதிமன்றம் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். திருச்சபைத் தீர்ப்பாயத்தின் முடிவு நாட்டின் விவாகரத்துச் சட்டத்துக்கு மாற்றாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 1996இல் ஒரு வழக்கிலும், 2017 ஜனவரி 19 அன்று இன்னொரு வழக்கிலும் உறுதிப்படுத்தியிருக்கிறது. ஆயரின் முத்திரையை மட்டும் நம்பி மறுமணம் செய்பவர், பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்கீழ் இருதார மணக் குற்றத்துக்கு ஆளாக நேரலாம். இரண்டு தாள்களும் வேண்டும். இரண்டும் கைக்கு வந்தபின் மண்டபம் பாருங்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைக் கண்டிப்பாக அன்றி வேண்டுகோளாகவே சொல்கிறேன். அடிபட்டு வந்த மகளை "சிலுவையைச் சுமக்க வேண்டும் அம்மா" என்று திருப்பி அனுப்பாதீர்கள். உடலுக்கோ ஆன்மாவுக்கோ கடும் ஆபத்து என்றால் பிரிந்து வாழ 1153ஆம் எண் இடம் தருகிறது. தாமதித்தால் ஆபத்து என்னும்போது, ஆயரின் அனுமதிக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. பிரிந்து வாழ்வதாலோ, விரும்பாமலே விவாகரத்துக்கு ஆளானதாலோ மட்டும் ஒருவர் நற்கருணையை இழப்பதில்லை. மறுமணம் செய்யாதிருக்கும் அவருக்கு அருளடையாளங்களைப் பெறத் தடையில்லை என்று 1981ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிவிட்டார். ஆயினும் அன்பியக் கூட்டத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் செபக்கூட்டத்தில்) யாரோ சொன்னதைக் கேட்டு, ஒன்பது ஆண்டுகளாகக் கடைசி வரிசைப் பெஞ்சிலேயே அமர்ந்திருந்த ஓர் அம்மாவை நான் சந்தித்திருக்கிறேன். அவர் செய்த ஒரே குற்றம், உயிர் பிழைத்துத் தாய்வீடு வந்தது.

மனு போடுபவர்களுக்கு: உங்கள் பங்குத்தந்தையிடமே முதலில் பேசுங்கள். திருமணச் சான்றிதழையும், புதிதாக வாங்கிய ஞானஸ்நானச் சான்றிதழையும் கொண்டுவாருங்கள். பதிவேட்டின் ஓரத்தில் முதல் திருமணம் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால் பழைய நகலைக் காட்டி மறைக்க முயல வேண்டாம். சண்டைகளைப் பட்டியலிடுவதற்கு முன், நிச்சயதார்த்தத்திலிருந்து திருமணநாள் வரை நடந்தவற்றை எழுதுங்கள். அந்தக் காலத்தில் இருவரையும் அறிந்தவர்களைச் சாட்சிகளாகத் தேடுங்கள், தரகராக இருந்தாலும் பரவாயில்லை.

அந்த இளம்பெண் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தார், இரண்டு வாரம் கழித்து, அண்ணன் இல்லாமல். முதல் கணவர் திருமணத்துக்கு முன்பே இருமுறை போதை மீட்பு மையத்தில் இருந்தவர் என்பது நான்காம் பக்கத்தில் ஒரு வரியாக இருந்தது. சொன்னவர் கணவரின் பெரியம்மா. அவர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருடைய விசாரணை அடுத்த மாதம்.