வீடியோ முடிந்தது, கணக்கு வருகிறதா?

பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். ‘சார், கால்குலஸும் ஃபிசிக்ஸும் ஃப்ரீயா எங்க படிக்கலாம்?’ என்ற கேள்வி வருடம் தவறாமல் வரும். கேட்பவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே நாலைந்து கோர்ஸில் பெயர் கொடுத்தவர்கள்தான். வீடியோவும் நிறையப் பார்த்திருப்பார்கள்.

அவர்களிடம் நான் கேட்கும் கணக்கு ஒன்று உண்டு: காற்றின் தடையோடு விழும் மழைத்துளியின் வேகம் நேரத்தோடு எப்படி மாறும்? உடனே பள்ளியில் மனப்பாடம் செய்த இயக்கச் சமன்பாட்டை எழுதுவார்கள். முடுக்கம் மாறாமல் இருந்தால்தான் அது செல்லும். இங்கே வேகம் கூடக்கூடத் தடையும் கூடும், முடுக்கம் குறைந்துகொண்டே போகும். வேகம் மாறும் வீதத்தைச் சொல்லும் வகைக்கெழுச் சமன்பாட்டை எழுதித் தொகையிட்டால்தான், எந்த நேரத்தில் எவ்வளவு வேகம் என்பது கைக்கு வரும். இது பார்த்து வருவதில்லை, போட்டுப் போட்டுத்தான் வரும்.

அதனால் கோர்ஸைத் தேடும்போது பயிற்சிக் கணக்கும் அதன் முழுத் தீர்வும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாகப் போட்டிருக்கும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் 18.01 எஸ்.சி. என்ற எண்ணில் கால்குலஸும் 8.01 எஸ்.சி. என்ற எண்ணில் இயந்திரவியலும் இருக்கின்றன. இரண்டிலும் பயிற்சிக் கணக்கு உண்டு; கால்குலஸில் தீர்வும் தேர்வுத்தாளும்கூட உண்டு. பெயர்கூடப் பதிய வேண்டாம். கால்குலஸ் முழுக்க முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வகையிடல் முடிந்ததும் இயந்திரவியலைத் தொடங்கிவிடலாம். தீர்வைத் திறக்க மட்டும் அரை மணி நேரமாவது பொறுங்கள்.

ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தின் இலவசக் கால்குலஸ் புத்தகத்தில் ஒற்றைப்படை எண் கணக்குகளுக்குத்தான் விடை தருவார்கள். எனக்கு அது பிடிக்கும். மிச்சத்தை நீங்களே சரிபார்த்தாக வேண்டுமே! எடெக்ஸ் தளத்தில் ‘ஆடிட்’ முறையில், அதாவது பணம் கட்டாமல், சேர்ந்தால் வீடியோ கிடைக்கும், ஆனால் மதிப்பெண் போடும் பயிற்சிகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும்.

ஆங்கிலம் மிரட்டுகிறதா? தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்புக் கணிதம் இரண்டாம் தொகுதியை எடுங்கள். எல்லை, வகையிடல், தொகையிடல் மூன்றும் தமிழிலேயே இருக்கின்றன; பி.டி.எஃப். இலவசம். அதை முடித்துவிட்டு எம்.ஐ.டி. பக்கம் போனால் பாதிப் பயம் போய்விடும்.

சரி, சான்றிதழ்? ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். இணையப் பாடங்களில் பாடத்துக்குக் காசில்லை, தேர்வுக்கு மட்டும் கட்டணம். மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராவாரம் வரும் அசைன்மென்ட்டுகளைத் தள்ளிப்போட முடியாது, கெடு தேதி உண்டு. உங்கள் வேகத்தில் படிக்க நினைப்பவர்கள் முதல் முறை தேர்வுக்குப் பதியாமல் பழைய பாடங்களைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். அடுத்த பருவத்தில் அந்தப் பாடம் மறுபடி வந்தால் பணம் கட்டிக்கொள்ளலாம்.